இருட்டு மேடைக்கு ஏற்ற மரம்

இருபத்திரண்டு வருஷம் ரோஸ்வுட்டைத் தவிர வேறு மரத்தைத் தொடாத மனிதர், கடைக்குள் கால் வைத்ததும் மேப்பிள் கிட்டாரை எடுத்துக் காட்டச் சொன்னால், கூட வந்தவனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மச்சினனுக்கு வந்தது.

"மாமா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

கிட்டார்காரர் காதில் விழாதவர் போல, சுவரில் தொங்கிய கிட்டார்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கடை முதல் மாடியில் இருந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் அடியில் இரண்டு முக்காலிகள், மூலையில் பழுது பார்க்கும் மேசை. மேசைக்குப் பின்னால் நீல மேலங்கி போட்ட ஒரு பெண் யாருடைய கிட்டாருக்கோ கம்பி கழற்றிக்கொண்டிருந்தாள். விற்பதும் அவள்தான், பழுது பார்ப்பதும் அவள்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தின் மேல் ஒரு மெல்லிய பலகை இருக்கும். இடது கை விரல்கள் நாளெல்லாம் ஓடுவது அதன் மேல்தான். ஃபிரெட்போர்டு என்பார்கள்; குறுக்குக் கம்பிகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். பெரும்பாலும் அது காப்பித்தூள் நிறத்து ரோஸ்வுட்டில் வரும், இல்லாவிட்டால் வெண்ணெய் நிறத்து மேப்பிளில் வரும். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் கிட்டார் வாசிப்பவர்கள் பங்காளிகள் மாதிரி அடித்துக்கொள்வார்கள். நம்மவர் ரோஸ்வுட் கட்சியின் தலைவர். ரோஸ்வுட்டில் நாதம் உருண்டு வரும் என்பார். மேப்பிளில் வாசித்தால் ஊசியை விட்டுக் காதைக் குடைகிற மாதிரி இருக்கும் என்பார். ஒத்திகைக்கு நடுவில் யாராவது தெரியாத்தனமாக வாயைக் கொடுத்துவிட்டால் அரை மணி நேரம் போயிற்று. அவருடைய மெல்லிசைக் குழுவிலேயே டிரம்ஸ் வாசிக்கும் மச்சினன் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே பல தடவை தூங்கியிருக்கிறான்.

"மனுஷன் மாறவே கூடாதா மச்சான்? காலம் பூரா ஒரே சட்டையா?" என்றார் கிட்டார்காரர்.

"சட்டைய மாத்தினா யாரு கேக்கப் போறா? நீங்க கட்சியவே இல்ல மாத்தறீங்க."

சிரித்து வைத்தார். உள்ளே சிரிப்பில்லை. அவர் மரம் மாறுவதற்கும் நாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மா சொல்லி நாலு மாதம் ஆகிறது. விழித்திரை ஓரத்திலிருந்து பழுதாகிக்கொண்டே வருகிறது, இப்போதைக்கு மாலைக்கண், போகப் போகப் பார்வை குழாய்க்குள் பார்ப்பது போலக் குறுகும், எத்தனை வருஷத்தில் என்று சொல்ல முடியாது, மருந்து கிடையாது. "இருட்டினதுக்கப்புறம் வண்டியத் தொடாதீங்க, வீட்ல சொல்லிடுங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பகலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பேப்பர் படிக்கிறார், அறுந்த பொத்தானை அவரே தைத்துக்கொள்கிறார். வெளிச்சம் மங்கினால் மட்டும், எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. டாக்டரம்மா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவர் வீட்டில் சொல்லவில்லை.

மேடை விளக்கு இருக்கிறதே, அது பார்க்கிறவர்களுக்காகப் போடுவது, வாசிக்கிறவனுக்காக அல்ல. ஊதாவும் நீலமும் மாறி மாறி அடிக்கும். விரல் எங்கே இருக்கிறது என்று காட்ட, கிட்டார் கழுத்தின் மேல் விளிம்பில் கடுகளவு புள்ளிகள் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டத்துக்குப் போக அதெல்லாம் வேண்டாம், கை தானாகப் போய்விடும். கீழேயிருந்து மேலே ஒரே தாவாகத் தாவ வேண்டியிருந்தால்தான் கண் ஒரு நொடி அந்தப் புள்ளியைப் பார்த்துக் கைக்குச் சொல்ல வேண்டும். பலகை கறுப்பு, போட்டிருக்கும் சட்டை கறுப்பு, மேலே ஊதா வெளிச்சம். கையில் கிட்டார் இருக்கிறது என்பதையே அவர் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு கம்பெனி விருந்தில் பாட்டுக்கு முன்னால் வரும் இசையை அவர் தனியாக வாசிக்க வேண்டும். ஏழாவது கட்டத்தில் தொடங்க வேண்டியவர் எட்டாவதில் விரலை வைத்துவிட்டார். ஏதோ உறுத்தியது, ஆனால் தொடங்கியாயிற்று, நிறுத்த முடியாது. பாட்டு மொத்தமும் அரை சுருதி மேலே ஏறிவிட்டது. பாடகி பாவம், காதில் விழுந்த சுருதியிலேயே எடுத்துவிட்டாள். கீபோர்டுக்காரர் முதல் ஸ்வரத்திலேயே கல்லைக் கடித்தவர் போல முகத்தைச் சுளித்து, சுருதி மாற்றும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிச் சமாளித்தார். உச்சத்துக்குப் போனபோது பாடகியின் குரல் கீறிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

"புதுசா ஒரு ஏத்தம் குடுத்தீங்களே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று இறங்கி வந்ததும் பாடகி கேட்டாள்.

"திடீர்னு தோணிச்சும்மா" என்று பூசி மெழுகினார். அவள் நம்பவில்லை. ஒரு அடி கிட்டே வந்து, மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டு விழுந்தார். முட்டி தேய்ந்தது. இருபத்திரண்டு வருஷத்துக் கிட்டார் தலை தனியாக, கழுத்து தனியாக முறிந்தது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதற்கும் ஒரு மருந்து இருக்கிறது, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று நினைக்கிற சுபாவம். முட்டிக்குக் களிம்பு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"குடிச்சிருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. கொஞ்ச காலமாகப் பொழுது சாய்ந்தால் மனிதர் கதவில் இடிக்கிறார், டம்ளரைத் தட்டிவிடுகிறார், குழுவின் வேனைக் கொண்டுபோய் கேட்டில் உரசுகிறார். உண்மையில் அவர் ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை, அந்த வாசனையே அவருக்கு ஆகாது. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்கு அப்பாடா என்று இருந்தது.

"ஆமா" என்றார்.

இப்படியும் ஒருத்தன் பொய் சொல்வானா என்று கேட்காதீர்கள். அவர் போட்ட கணக்கு வேறு. குடிகாரனைத் திட்டுவார்கள், அழுவார்கள், திருத்தப் பார்ப்பார்கள். திருந்திவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். விட்டால் சரியாகிவிடும் என்று அதில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கண்ணுக்கு எதை விடுவது? தன் மனைவியின் எந்தத் தட்டிலும் மருந்து இல்லாத ஒன்றை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பயந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வாசனை வராததா பாத்துக் குடிக்கறீங்களா?" என்று கேட்டு அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தொடாததைத் தொடாமல் இருப்பதில் என்ன கஷ்டம்? அதிலிருந்து தினமும் அவர் சட்டையை அவள் முகர்ந்து பார்க்கிறாள். குழுவுக்கும் விஷயம் போயிற்று. வேன் சாவியை மச்சினன் வாங்கி வைத்துக்கொண்டான். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் ராத்திரி முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஆறு உயிர்களை ஓட்டிக்கொண்டு போகும் தலைவேதனை விட்டது. இரவல் கிட்டாரில், கடினமான இடங்களைக் கீபோர்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, மூன்று மாதம் ஓட்டினார். இன்றைக்குப் புதுக் கிட்டார். மனைவி தம்பியைக் கூட அனுப்பியது கிட்டார் தூக்க அல்ல, காவலுக்கு.

மேலங்கிப் பெண் இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டும் ஒரே உடம்பு, சத்தத்தப் பிடிக்கற பிக்கப்பும் ஒண்ணு, கம்பியும் ஒண்ணு. பலகை மட்டும்தான் வேற சார்."

மேப்பிளை எடுத்துக்கொண்டு அவர் முக்காலியில் உட்காரவில்லை. அலமாரிகளுக்கு நடுவே வெளிச்சம் எட்டாத ஒரு சந்து இருந்தது. ஏதோ ஆம்பிளிபயரைப் பார்க்கப் போகிறவர் போல அதற்குள் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். வெளிறிய பலகை அந்த மங்கலிலும் ஒரு கோடாகத் தெரிந்தது. விளிம்பில் மிளகு மிளகாகக் கறுப்புப் புள்ளிகள். மூன்றாவது கட்டம், ஐந்தாவது, ஏழாவது. எண்ண முடிந்தது. இன்னும் நாலைந்து வருஷம் தள்ளிவிடலாம்.

வெளியே வந்து, முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு, "இப்பல்லாம் மேப்பிள் சத்தம்தான் கூட்டத்துல எடுபடுது" என்றார்.

"ஊசியால காதைக் குடையுமே மாமா?"

"காதுக்கும் வயசாகுதில்ல? கொஞ்சம் குடைஞ்சாத்தான் கேக்குது."

மேலங்கிப் பெண் சிரித்தாள். "நெசத்த சொன்னா சார், எலெக்ட்ரிக் கிட்டார்ல மரத்தால சத்தம் பெருசா மாறாது. இத சொன்னா வாங்க வர்றவங்க சண்டைக்கு வருவாங்க. கைக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

மச்சினனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப மாமா, கண்ண மூடிக்கிட்டு வாசிங்க. எது எந்த மரம்னு சொல்லுங்க. இத்தனை வருஷம் எங்க காதுல ஓதினீங்களே, பாத்துடலாம்."

தட்டிக்கழிக்க வழியில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினார். மடியில் ஒன்றை வைத்தார்கள். விரல் பட்டதுமே தெரிந்தது, மெருகு பூசிய வழவழப்பு, மேப்பிள். நாலு ஸ்வரம் வாசித்துவிட்டுக் கொடுத்தார். அடுத்ததில் விரல் பட்டதும் மரத்தின் வறட்சியும் நுண்ணிய வரிகளும் தட்டுப்பட்டன. சும்மா இரண்டு ஸ்வரம் என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடியாயிற்று, இனிப் பார்க்க ஒன்றுமில்லை, தவறவிட ஒன்றுமில்லை. மெதுவான ஒரு ராகம், கீழேயிருந்து வழுக்கிக்கொண்டே மேலே போயிற்று, தங்கிற்று, இறங்கிற்று. பல மாதங்களுக்குப் பிறகு பயமில்லாமல் வாசித்தார். முடித்துக் கண்ணைத் திறந்தபோது மேலங்கிப் பெண் கையில் திருப்புளியை வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"இது ரோஸ்வுட்" என்றார், சொல்லத் தேவையில்லாததை.

"அப்புறம் எதுக்கு மாமா உங்களுக்கு அந்த வழுக்கல் பலகை?" மச்சினனின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "இதுல சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி வாசிக்கறீங்க. அதுல விருந்தாளி மாதிரி நுனியில உக்காந்திருந்தீங்க. எதுக்கு அது?"

அவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, நல்ல மனதோடு மேலங்கிப் பெண் கை கொடுக்க வந்தாள். "இருட்டு மேடையில வாசிக்கறவங்க நிறையப் பேர் மேப்பிள் கேப்பாங்க சார். புள்ளி நல்லாத் தெரியும். போன மாசம்கூட ஒருத்தர் வந்தார், அவருக்குக் கண்ணு சரியா..."

மச்சினன் அவளைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"எனக்கெதுக்கும்மா புள்ளியும் கோலமும்?" தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "இருபத்திரண்டு வருஷமா வாசிக்கறவன் நான். ரோஸ்வுட்டையே கட்டிக் குடுங்க."

அவ்வளவுதான். தனக்கு எது வேண்டுமென்று வந்தாரோ அதை வாயாலேயே கெடுத்துக்கொண்டார். மேப்பிள் திரும்பவும் சுவரேறியது. ரோஸ்வுட்டுக்கு அவர் கேட்ட கனத்தில் கம்பி மாற்றி, உயரம் சரிபார்த்துக் கொடுக்க அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் மஞ்சளாகி, சாம்பலாகி, இல்லாமல் போயிற்று.

இறங்கும்போது கைப்பிடியை விடாமல் படிகளை எண்ணினார். தெருவில் விளக்குகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில் ஒன்றுமில்லை. வேன் பக்கத்தில் மச்சினனின் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு தெரு தள்ளி இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, அது முடிந்ததும் இவர்களோடு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. குரல் வந்த பிறகுதான் அவள் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்தது.

கிட்டாரைப் பின்னால் வைத்துவிட்டு, மனைவியை ஏற்றிவிட்டு, மச்சினன் வந்து அவர் கையைப் பிடித்துச் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"மூணு மாசம் மாமா. ஒரு நாள்கூட நீங்க தவறல. நேத்தே அக்காகிட்ட கேட்டுட்டேன். இனிமே வண்டி உங்களுது. இன்னைக்கு நீங்களே ஓட்டுங்க."

"நீயே ஓட்டு மச்சான். கை வலிக்குது."

"ஒரு ராகம் வாசிச்சதுக்கா?"

உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "ஓட்டுங்கண்ணா. இவர் ஒரு பள்ளம் விடறதில்ல, உள்ள இருக்கறது டிரம்ஸ் வாசிக்குது. நீங்கன்னா அலுங்காம கொண்டுபோவீங்க."

ஏறி உட்கார்ந்தார். ஏன் ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நம்பிக் கொடுத்த சாவியை வேண்டாமென்று எப்படித் திருப்புவது? மச்சினன் கதவைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அப்பன் மாதிரி நின்றான். சாவியைத் திருகினார். முன்விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு வெளிச்சத் திட்டு, மற்றதெல்லாம் தார். திடீரென்று அந்தத் திட்டுக்குள் ஒரு பை வந்தது, பிறகு ஒரு கை, பிறகு ஒரு முழு ஆள், வண்டியை உரசிக்கொண்டு நடந்து போனார். அந்த ஆள் அங்கே வருவது அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் இடுப்புக்கு ஏதோ முட்டுக் கொடுத்துச் சரியாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

இஞ்சினை அணைத்தார்.

"மச்சான், நான் குடிச்சிருக்கேன்."

மச்சினன் முகம் எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. குரல்தான் வந்தது. "எப்ப?"

"மத்தியானம்."

"மத்தியானம் எங்கூட சாப்டீங்க. அப்புறம் கடையில என் கண்ணு முன்னாடி உக்காந்திருந்தீங்க. பாத்ரூமுக்குக்கூட போகல." குனிந்து, அவர் வாயருகே முகர்ந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லையே. என்ன மாமா இது? குடிக்காம எதுக்கு குடிச்சேன்னு சொல்றீங்க?"

மூன்று மாதம் சோறு போட்ட பொய், வேண்டிய நேரத்தில் கை கழுவிவிட்டது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியல மச்சான். இருட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. டாக்டர் பாத்துட்டாங்க. சரியாகாதாம். இன்னும் மோசமாகுமாம்." மூச்சு வாங்கியது. "குடியெல்லாம் கிடையாது. நான் என்னைக்குமே குடிச்சதில்ல."

பின்னால் அவள் "ஐயோ அண்ணா" என்றாள். மச்சினன் கதவைப் பிடித்தபடி நின்றான். எத்தனையோ கேட்க இருக்க, அவன் கேட்டது இதைத்தான்:

"அப்ப அந்த மேப்பிளு... புள்ளிக்காகவா?"

"ஆமா."

"அத விட்டுட்டு இதையா மாமா வாங்கிட்டு வந்தீங்க?" சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

சாவியை அவனே எடுத்துக்கொண்டான். அவரை இறக்கி, தோளைப் பிடித்துச் சுற்றி அழைத்துப் போய் அடுத்த இருக்கையில் உட்கார வைத்தான். அப்புறம் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டே அக்காவைக் கூப்பிட்டான். அவன் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்டது. மாமா குடிக்கல அக்கா, எப்பவுமே குடிச்சதில்லையாம், கண்ணாம், மாலைக்கண்ணாம், மருந்து இல்லையாம். அக்கா பேசியது போனைத் தாண்டி வண்டிக்குள் வரை கேட்டது.

"பொய்டா. அவர் குடிக்கறார். மூணு மாசமா தினம் சட்டைய மோந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அக்கா, நான் சொல்றத..."

"குடிச்சிருக்கார்னு சொல்லுடா. எவ்வளவு வேணா குடிக்கட்டும்டா, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அவர்கிட்ட குடு. அவரையே சொல்லச் சொல்லு."

மச்சினன் ஜன்னல் வழியாகப் போனை நீட்டி, அவர் கையைப் பிடித்து அதில் வைத்தான். அவர் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது.

"குடிச்சீங்கதானே? சொல்லுங்க. நான் திட்டவே மாட்டேன்."

"இல்லம்மா" என்றார்.